நீங்கள் செய்த ஒரு தவறு

— திரும்பச் சொல்லு. இந்தத் தடவை தரையைப் பாக்காம சொல்லு.

— அக்கா, பத்தரைக்கு இன்டர்வியூவுக்கு நான் ஆஸ்பத்திரியில இருக்கணும். இதோட அஞ்சு தடவை ஆச்சு.

— ஆனா ஆகட்டும். நான் இப்ப உன் அக்கா இல்ல, அந்த ஆஸ்பத்திரி லேப்போட பெரிய மேடம். சொல்லுங்கம்மா, வேலையில நீங்க பண்ண ஒரு தப்பு?

— எதையும் ரொம்பச் சுத்தமா செய்யணும்னு நினைப்பேன் மேடம். அதனால சில சமயம் நேரம் கூட ஆயிடும்.

— அடி சக்கை! தப்பக் கேட்டா பெருமையைச் சொல்றா. துணிக்கடைக்கு ஆள் எடுக்க உக்காந்து எட்டு வருஷமாச்சு எனக்கு. வர்றவங்கள்ல பாதிப் பேர் இதையேதான் ஒப்பிக்கறாங்க. ஒரு இன்டர்ன்ஷிப் இடத்துக்கு முப்பது பேர் வராங்க. நெஜமா ஒண்ணு சொல்லு.

— நெஜமா ஒண்ணும் இல்லக்கா.

— பாரு, மறுபடியும் தரை. டிப்ளமோ படிக்கும்போது சனிக்கிழமை தவறாம அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் பயிற்சிக்குப் போனியே. அங்க ஒரு தப்புகூடவா பண்ணல?

— பண்ணேன்.

— அப்பாடா! மேல சொல்லு.

— அது வந்து... ஆளை உக்கார வெச்சு, பேரைக் கேட்டு, ரத்தம் எடுத்த அப்புறம்தான் குழாய்ல பேர்ச்சீட்டு ஒட்டணும். ஒரு நாள் வந்த ரெண்டு பேருக்கும் நான் எடுக்கறதுக்கு முன்னாடியே ஒட்டி வெச்சுட்டேன். பேச்சும் சிரிப்புமா எடுத்தேனா, குழாய் மாறிப்போச்சு.

— மாறினது எப்படித் தெரிஞ்சுது?

— ஒருத்தருக்கு நரம்பே கிடைக்கல, பாதிக் குழாய்தான் வந்தது. மெஷின்ல வைக்கறப்போ பாத்தா, அந்தப் பாதிக் குழாய்ல இன்னொருத்தங்க பேர்.

— உடனே போய்ச் சொன்னே, ரெண்டு பேரையும் கூப்பிட்டுத் திரும்ப எடுத்தீங்க. அப்படித்தானே? பிரமாதம். இதையே சொல்லு, இடம் உனக்குத்தான்.

— சொல்லலக்கா.

— என்னது?

— யார்கிட்டயும் சொல்லல. சொன்னா சான்றிதழ் தரமாட்டாங்களோன்னு பயம். ரெண்டு பேருக்குமே ஒண்ணும் இருக்காதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தா, ஒண்ணுல தைராய்டு ரொம்பக் கம்மி.

— அடிப்பாவி! வாயை மூடிக்கிட்டு இருந்தியா? அந்த ரிப்போர்ட்ட யாருக்குக் குடுத்தே? ஏய், எதுக்கு இப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டு அழற?

— உனக்குத்தான்க்கா நரம்பு கிடைக்கல. என் கையாலதான் ரத்தம் எடுக்கணும்னு வந்தியே, அன்னிக்குத்தான். ரெண்டு மாசமா நீ முழுங்கற தைராய்டு மாத்திரை உனக்கு வேண்டியதே இல்ல.

— அப்ப இந்த நெஞ்சு படபடப்பு? கை நடுக்கம்?

— எல்லாம் அந்த மாத்திரைதான். தினம் காலையில உன் கையில தண்ணி டம்ளரைப் பாக்கறப்போ செத்துச் செத்துப் பொழைச்சேன். இந்த இடம் கிடைச்ச உடனே சொல்லிடலாம்னு...

— எந்திரி. செருப்பைப் போடு. அந்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போறோம்.

— ஐயோ அக்கா, இப்ப அங்க போனா இன்டர்வியூ போச்சு. இந்தப் படிப்பே போச்சு. டாக்டர்கிட்ட நம்ம ரெண்டு பேர் மட்டும் போய், வேற இடத்துல ஒரு டெஸ்ட் எடுத்து, மாத்திரையை நிறுத்தினா உனக்குச் சரியாயிடும். யாருக்கும் தெரிய வேண்டாம்க்கா, உன் கால்ல விழறேன்.

— எனக்குச் சரியாயிடும்டி. என் ரிப்போர்ட்ட வாங்கிக்கிட்டு, ஒண்ணும் இல்லன்னு சந்தோஷமா வீட்டுக்குப் போனாங்களே, அவங்க எங்க இருக்காங்க?