இரண்டு பேருக்கான படகு

படகு வாங்குவதும் செருப்பு வாங்குவதும் ஒன்றுதான். கடையில் நாலடி நடந்து பார்க்கும்போது எந்தச் செருப்பும் கடிக்காது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு நாள் முழுக்கப் போட்டுத் திரிந்தால்தான் அதன் குணம் தெரியும். இது அப்பா எனக்குச் சொன்னது. மற்றதெல்லாம் நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

மெதுவாகத்தான் சொல்ல முடியும். தங்கச்சி குட்டி பக்கத்தில் தூங்குகிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது. யாரிடமாவது வரிசையாகச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. நான் செய்ததில் புரியாதது எதுவும் இல்லை.

எனக்குப் பதினாறு வயது. ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பாவும் நானும் படகுத்துறைக்குப் போவோம். விற்பனைக்கு நிற்கும் மோட்டார் படகுகளில் ஏறி இறங்குவோம். வாங்குவதற்கில்லை, சும்மா. இங்கே அடுப்பு, இங்கே படுக்கை, இங்கே நீ உட்கார்ந்து படிக்கலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டே வருவார். கட்டாத வீட்டில் குடியிருப்பது மாதிரி. இரண்டு பேர் இருக்கும் படகு எப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்கு அத்துப்படி.

இரண்டு வருடம் கழித்துச் சித்தி வந்தார். பிறகு குட்டி பிறந்தாள், இப்போது அவளுக்கு நாலு வயது. சித்தியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. மாற்றாந்தாய்க் கொடுமை என்று கதைகளில் வருவதெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. எனக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். படகை நிஜமாகவே வாங்கச் சொன்னதும் அவர்தான்.

"எத்தன நாளைக்குத்தான் அடுத்தவங்க படகுல ஏறி எறங்குவீங்க அப்பனும் மகளும்? வாங்கித் தொலைங்க. நாலு பேரும் போவோம்."

"நீயா? ஊஞ்சலப் படத்துல பாத்தாலே உனக்கு வயித்தப் பிரட்டுமே," என்றார் அப்பா.

"ஆமா, உங்களக் கட்டிக்கிட்ட நாள்லேருந்துதான் எனக்குத் தலைசுத்தல். படகு மேல பழியப் போடாதீங்க."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். சித்திக்குப் பேருந்தில் ஏறினாலே தலைவலிக்கும், வாந்தி வரும். வீட்டில் அது ஒரு நிரந்தர நகைச்சுவை.

படகு பார்ப்பதில் அப்பாவுக்கும் எனக்கும் ஒரு முறை உண்டு. வெளிவேலை அவருடையது: அடிப்பாகத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது. உள்வேலை என்னுடையது: கேபின், படுக்கை, அடுப்பு, கசிவு. ஒருவர் பார்த்ததை மற்றவர் மறுபடி பார்ப்பதில்லை. "சந்தேகப்பட்டா அப்புறம் கூட்டாளி எதுக்கு?" என்பார். நான் சரி என்றால் சரி.

ஒன்றில் பூஞ்சை வாடை அடித்தது, வேண்டாம் என்றேன். இன்னொன்றில் தரைப்பலகை உளுத்திருந்தது. மூன்றாவது, நீலக் கோடு போட்ட சின்னப் படகு, எங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. எதிரெதிரே இரண்டு படுக்கை, நடுவில் மடக்கு மேஜை. அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு, "நாம நாலு பேராச்சே, கண்ணு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. படகில் இடம் என்பது அளந்து வைத்தது. ஒருவர் கூடினால் இன்னொருவர் ஒதுங்க வேண்டும். அது யார் என்பதுதான் கேள்வி.

நாலாவது படகு பழையது, வெள்ளை, பெட்ரோல் எஞ்சின். முன்பக்கம் இரண்டு படுக்கை. பின்பக்கம், எஞ்சினை ஒட்டி, குனிந்து போகும்படி ஒரு குட்டை அறை.

"பின்னாடி ரூமுல ஆட்டமே தெரியாதும்மா. வயித்தப் பிரட்டுறவங்களுக்குன்னே செஞ்சது," என்றார் தரகர்.

"அப்ப அது என் ரூம். யாரும் பங்குக்கு வரக் கூடாது," என்றார் சித்தி.

நான் தவழ்ந்து உள்ளே போனேன். எஞ்சின் பக்கத்துப் பலகையின் விளிம்பில் மை தீற்றியது போலக் கருப்பாக ஒரு கோடு இருந்தது. விரலால் தொட்டேன், ஒட்டியது. புகைக்கரி. எஞ்சின் புகை வெளியே போகாமல் அறைக்குள் கசிகிறது என்று அர்த்தம். அதோடு வரும் விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. முதலில் தலைவலிக்கும். பிறகு வயிற்றைப் பிரட்டும். பிறகு தூக்கம் வரும். இதைப் படித்திருந்தேன்.

கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன்.

"எப்பிடிம்மா இருக்கு உள்ள?" என்று அப்பா வெளியிலிருந்து கேட்டார்.

"சுத்தமா இருக்குப்பா."

அது பொய்யில்லை. துடைத்த பிறகு சுத்தமாகத்தான் இருந்தது.

சுவரில் விஷவாயு வந்தால் கத்தும் கருவி ஒன்று இருந்தது. பேட்டரி தீர்ந்து கிடந்தது. புதிது போடுவது உள்வேலை. பின்னால், மறந்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன், அழுதேன். மறக்கவில்லை.

அந்தப் படகையே வாங்கினோம். முதல் பயணத்தில் ஏரியின் நடுப்பகுதிக்குப் போவதற்குள் சித்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அப்பா சுக்கானைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்து, "ஆரம்பிச்சாச்சா? கரை இன்னும் கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கு" என்றார்.

"போய்ப் படுங்க சித்தி. கண்ண மூடிக்கிட்டா சரியாயிடும்," என்றேன் நான். தலையணை எடுத்துக் கொடுத்தேன். வெயில் படாமல் திரையை இழுத்துவிட்டேன். "என் தங்கம்" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் படுத்தார். கதவைச் சாத்திவிட்டு, திறந்தவெளியில், அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். குட்டி என் மடியில் இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்தது. பலமாக இல்லை. என் முதுகெலும்பில்தான் அதிகம் தெரிந்தது. எஞ்சின் இரைச்சலில் அப்பாவுக்குக் கேட்காது. நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். குட்டிக்குப் பிடித்த பாட்டு வந்தது. இரண்டு பேரும் கைதட்டிப் பாடினோம். அப்பாவும் விசிலடித்தார். பாட்டு முடிந்தபோது தட்டலும் முடிந்திருந்தது. கதவைத் திறக்காமல் கரை வரைக்கும் போனோம்.

அதிகாரிகள் வந்து படகைப் பிரித்துப் பார்த்தார்கள். புகைக்குழாயில் விரிசல், விபத்து என்று எழுதினார்கள். அப்பா என் மடியில் தலை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"எஞ்சினப் பாத்தவன் நான்தானே. அவ தலவலின்னா நான் சிரிச்சேனே, கண்ணு. நானே கொன்னுட்டேன்."

"இல்லப்பா. யாருக்குப்பா தெரியும்," என்று தலையைக் கோதிவிட்டேன். அத்தனை வருடம் கழித்து அப்பா முழுக்க என்னிடம் இருந்தார். அவர் அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் கல்நெஞ்சக்காரி இல்லை. யார் மேலும் கை வைக்கவில்லை. நான் ஒரு படகைத் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான்.

என் பயமெல்லாம் இன்றைக்கு வந்தது. விளக்கை அணைத்த பிறகு குட்டி என் பக்கம் புரண்டு படுத்தாள்.

"அக்கா, அன்னிக்கு அம்மா கதவத் தட்டுனாங்கல்ல?"

"இல்லடா செல்லம். அது அலை."

போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள்.

"அலைக்குக் கை இருக்கா?"

"தூங்கு."

"அப்பாகிட்டக் கேக்கட்டுமா?"

"கேட்டா அப்பா அழுவாரு. அழ வைப்பியா?"

"மாட்டேன்," என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். உடனே தூங்கிவிட்டாள். ஆனால் நாலு வயதுக் குழந்தையின் சத்தியம் எத்தனை நாள் தாங்கும்? ஒரு மிட்டாயைக் காட்டினால் கரைந்துவிடும். அவள் சொன்னால் அப்பா உடைந்து போவார். எனக்காக நான் பயப்படவில்லை. அவர் பாவம், இன்னொரு அடி தாங்கமாட்டார்.

இனிமேல் தண்ணீர்ப் பக்கமே போவதில்லை என்றுதான் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். இப்படியே விட்டால் குட்டிக்கு ஆயுசுக்கும் தண்ணீர்ப் பயம் ஒட்டிக்கொள்ளும், நாம்தான் தெளிவிக்க வேண்டும் என்று காலையில் பக்குவமாகச் சொல்வேன். கேட்பார். நான் சொல்லி அவர் கேட்காமல் இருந்ததில்லை. இப்போதே போனில் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இந்தத் தடவை எஞ்சின் புத்தம் புதிதாக இருக்க வேண்டும், அதில் ஒரு சின்னக் குறைகூட எனக்கு ஆகாது. ஓரத்துக் கைப்பிடிக் கம்பி தாழ்வாக இருக்கும் ரகமாகத் தேடுகிறேன். குழந்தை அல்லவா, தண்ணீரை எட்டிப் பார்க்க ஆசைப்படுவாள்.