குறையாத கஞ்சிக் கோப்பை

மாலை ஐந்தரை மணி. களியோடைப் பாலத்துக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிச் செல்லும் கிரவல் மண் வீதி. ஒரு பக்கம் மருத மரங்கள்; மறுபக்கம் அறுவடை முடிந்த வயல். ஆள் இல்லை, மாடு இல்லை… ஒரு சைக்கிள் மாத்திரம் போய்க்கொண்டிருந்தது.

விளக்கைச் சற்றுத் தணித்துவிட்டு அருகே வந்து உட்காருங்கள். சாப்பிட்டு முடியாதவர்கள் முதலில் முடித்துவிடுங்கள். இது உணவோடு கேட்கத்தக்க கதையன்று. நம் றஸாக்கின் மச்சான் பதியுதீனுக்கு நேர்ந்தது. சூறாவளி அடித்ததற்கு இரண்டு ஆண்டுகள் பின்னர்.

பதியுதீன் அருவருப்புக்குப் பெயர் போன மனிதர். கலியாண வீட்டுச் சஹன் தட்டில் பிறரோடு சேர்ந்து கை போட்டு உண்ண மாட்டார். தேநீர்க் கடையில் வெந்நீர் கேட்டுக் கோப்பையைத் தாமே கழுவுவார். "மச்சானுக்குச் சோத்தையும் சவுக்காரம் போட்டுக் கழுவித்தான் வைக்கணும்" என்று றஸாக் கேலி செய்வதுண்டு.

அத்தகையவருக்கு வாய்த்த ஒரே பிள்ளை சுல்பிகா. நான்கு வயது. உண்டது எதுவும் அவள் வயிற்றில் தங்குவதில்லை. பால் கொடுத்தால் பால் திரும்பும். சோறு கொடுத்தால் சோறு திரும்பும். ஆஸ்பத்திரி, ஓதிய தண்ணீர், இடுப்பில் நூல், எல்லாம் பார்த்தாயிற்று. பிள்ளையின் தோள் எலும்பு சட்டையைக் குத்திக்கொண்டு நின்றது. அவள் உம்மா றாஹிலா இரவும் பகலும் ஒரு சட்டியோடு கட்டிலருகே இருந்தாள்.

ஒரு நாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த பாயிலேயே பதியுதீன் கை ஏந்தினார். "யா அல்லாஹ், இவ தின்னட்டும். எனக்கு எதைத் தந்தாலும் மூஞ்சி சுழிக்காம நான் தின்னுறன்." அவர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வருவதென்றால், பிள்ளை எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அத்துடன் சில நோன்புகளையும் நேர்ந்துகொண்டார். நான் சொன்ன அந்த மாலையில் அவர் பிடித்திருந்தது கடைசி நோன்பு.

நோன்போடு ஆற்றோரம் போனது ஏன்? ஊர் வாசிகசாலை வெளியிடவிருந்த மலருக்கு, ஆற்றோர வீதியின் பழஞ்சின்னங்களைப் பற்றி ஒரு கட்டுரை தருவதாக ஏற்றிருந்தார். வீட்டில் இருந்தால் பிள்ளை ஓங்காளிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் ஒரு காரணம்.

வயல் வாய்க்கால்களைக் கண்காணிக்கும் வட்டவிதானை ஆதம்பாவா, பாலத்தடியில் நின்று வழி சொல்லியிருந்தார். முதலில் பழைய தோணித்துறைக் கல். பிறகு வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் இருந்த பங்களா. அதற்கும் அப்பால் ஒரு பள்ளிவாசல். சுவர் மட்டுந்தான் மிச்சம். அதைச் சுற்றி ஒரு காலத்தில் குடியிருப்பு இருந்ததாம். ஒரு நோன்பு மாதத்தில் வாந்திபேதி வந்து, பெருநாளைக் காண ஒருவரும் மிஞ்சவில்லையாம். பதியுதீன் எந்த ஆண்டு என்று மாத்திரம் கேட்டார். முதியவருக்குத் தெரியவில்லை.

ஆறு அன்று அழகாய்த்தான் இருந்தது. நீர் மேல் மருதம்பூ மிதந்தது. தோணித்துறைக் கல்லில் இரும்பு வளையம் அப்படியே கிடந்தது. அதைத் தொட்டவர் விரலில் துருவோடு வழுவழுப்பாக ஏதோ ஒட்டிற்று. பங்களாவின் படியில் வௌவால் எச்சம் கணுக்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது. அதனுள் புழு நெளிந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வெளியில் நின்றவாறே பார்த்து முடித்தார்.

அப்பால், மரங்கள் கவிந்து வீதி இருண்டது. காற்று நின்றது. அப்போது…

பாங்கு கேட்டது.

மிக அருகில். ஒலிபெருக்கி இல்லாத வெறுங்குரல். தொண்டையில் சளி கட்டியவர் சொல்வது போல ஒரு கரகரப்பு. பாங்கு கேட்ட பின் கடிகாரம் பார்ப்பவர் யார்? பதியுதீன் சட்டைப்பையில் இருந்த பேரீச்சம்பழத்தை வாயில் இட்டு நோன்பு துறந்தார். வளைவைத் திரும்பினார். பள்ளிவாசல் நின்றது. கூரையோடு நின்றது.

முன்கூடத்தில் ஒரு வரிசை மனிதர்கள் சப்பணமிட்டு அமர்ந்திருந்தார்கள். தலையில் தொப்பி, இருட்டில் முகம் தெளியவில்லை. ஸலாம் சொன்னார். வரிசையின் கடைசியில் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். கஞ்சி மணத்தது. தேங்காய்ப்பாலும் வெந்தயமும் றம்பை இலையும்… அவற்றின் அடியில் வேறொரு நாற்றம். நனைந்த துணியை மூட்டையில் கட்டிப் பல நாள் மறந்துவிட்டாற்போல்.

ஒரே கோப்பை. வரிசையின் அந்தத் தலையிலிருந்து கை மாறிக் கை மாறி வந்தது. ஒவ்வொருவரும் அண்ணாந்து குடித்தார்கள். களக்… களக்… என்று மிடறு இறங்கும் ஓசை நன்றாகக் கேட்டது. பின்னர் இன்னோர் ஓசை. அது என்னவென்று அப்போது அவருக்குப் புரியவில்லை. கோப்பை அவர் கைக்கு வந்தது. விளிம்பு வரை நிறைந்திருந்தது.

எழுந்து ஓடத்தான் தோன்றிற்று. பிறர் எச்சில். ஆயினும், பாயில் இருந்து தாம் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. எதைத் தந்தாலும்… இது அந்தச் சோதனையோ? கண்களை இறுக்கி மூடிக்கொண்டு குடித்தார். சூடு என்று சொல்ல முடியாது, உடம்பின் வெதுவெதுப்பு. கோழை போல ஓர் இழை கோப்பையிலிருந்து தொண்டை வரை அறாமல் நீண்டது. அரிசி பாதி கரைந்திருந்தது. புளிப்பு. நாக்கின் அடியில் ஒரு நீண்ட முடி சுருண்டது. முகம் சுழிக்கவில்லை. விழுங்கினார்.

கண் திறந்தபோது, பக்கத்தில் இருந்தவர் கோப்பையை மறுபடி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்து, குனிந்து, வாயைக் கோப்பையின் விளிம்பில் பொருத்தி, குடித்ததை எல்லாம் அந்த மற்ற ஓசையோடு திரும்ப விட்டார். கோப்பை நிறைந்தது. அடுத்தவரிடம் கொடுத்தார்.

பதியுதீன் சைக்கிளை எப்படி எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. மரங்களைத் தாண்டி வெளியே வந்தபோது, வயல் மேல் வெயில் மஞ்சளாய்க் கிடந்தது. சூரியன் இன்னும் இறங்கவில்லை. பாலத்தடியில் ஆதம்பாவா கால் கழுவிக்கொண்டு நின்றார். அவரிடம் பதியுதீன், பாங்கு கேட்டு நோன்பு துறந்ததையும், பள்ளியில் கஞ்சி தந்ததையும் மூச்சிரைக்கச் சொன்னார்.

"நோன்பு மாசமில்லயே மனே… ஆருக்கு கஞ்சி காச்சின?"

கேட்டுவிட்டு, முதியவர் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னுக்குப் போனார். நிந்தவூர்ப் பக்கமிருந்து அப்போதுதான் உண்மையான அந்தி மஃரிப் பாங்கு எழுந்தது.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் விரலை விட்டு விட்டு ஓங்காளித்தார். ஒன்றும் வரவில்லை. வயிற்றில் அது இருந்தது. சவுக்காரத்தால் வாயைக் கழுவினார். பொழுது சாயுமுன் துறந்ததால் நோன்பும் போயிற்று, நேர்ச்சையும் பாழ் என்று எண்ணியபடி உள்ளே போய்க் கட்டிலில் அமர்ந்தார். அப்போது சுல்பிகா எழுந்தாள். பல மாதங்களாகத் தானாக எழாத பிள்ளை. தவழ்ந்து வந்து அவர் கையை மோந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்துச் சூப்பினாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்ததையும் நாக்கால் வழித்தெடுத்தாள்.

"இன்னம் கொஞ்சம், வாப்பா."

அன்றிரவு பிள்ளை வாந்தி எடுக்கவில்லை. மறுநாள் பாலைக் கொடுத்தார்கள், பால் திரும்பிற்று. "வாப்பாட கஞ்சி" என்று அழுதாள். அந்தி சாயும் முன் பதியுதீன் தூக்குச்சட்டியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஆற்றோர வீதியில் போனார். வேறு என்ன செய்வார்?

சட்டியைத் திறந்த றாஹிலா முற்றத்துக்கு ஓடிப்போய்க் குடல் வரக் கக்கினாள். திரும்பி வந்து, இது என்ன என்று கேட்டாள்.

"கேக்காத. வயித்துல நிக்குதா எண்டு மட்டும் பாரு."

நின்றது. நாளடைவில் பிள்ளையின் கன்னம் பூரித்தது. அயலவர்கள் வந்து கன்னத்தைக் கிள்ளி, மாஷா அல்லாஹ் சொல்லிப் போனார்கள். பெற்றவள் மாத்திரம் அந்தப் பிள்ளையை முத்தமிடுவதை விட்டுவிட்டாள். பிள்ளைக்குச் சோறு ஊட்டவும் வேண்டியிருக்கவில்லை. கட்டுரை எழுதி முடிந்ததா என்று வாசிகசாலைக்காரர்கள் இருமுறை கேட்டனுப்பினார்கள். அந்த வீதியில் எழுதும்படியாக ஒன்றும் இல்லை என்று பதியுதீன் சொல்லிவிட்டார்.

நாள்தோறும் போவார். வரிசையின் கடைசியில் அமர்வார். முதலில் தாம் குடிக்க வேண்டும். அதன் பின்னர்தான் சட்டியில் ஊற்றுவார்கள். அத்தனை நாளும் அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. களக் களக் என்ற ஓசையும் அந்த மற்ற ஓசையும் மட்டுமே.

ஒரு மாலை, பக்கத்தில் இருந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார். சளி கட்டிய அந்தக் குரலில், மிகவும் அன்பாகக் கேட்டார்:

"பிள்ளய எப்ப கூட்டிட்டு வாற?"

பார்த்தால், அவருக்கும் பதியுதீனுக்கும் நடுவே ஒரு சிறு இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

பதியுதீன் சட்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்தார். பிள்ளை பட்டினியால் செத்தாலும் இனி அந்த வீதியை மிதிப்பதில்லை என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டை அடையும்போது நன்றாக இருட்டிவிட்டது.

வேலிக் கடப்படி வாசலில் சுல்பிகா நின்றாள். பெருநாள் சட்டை. தலையில் முக்காடு. ஒரு நாளும் தானாகச் செருப்பு மாட்டத் தெரியாத பிள்ளை… இரண்டு செருப்பையும் ஒழுங்காக மாட்டிக்கொண்டு, ஆற்றுப் பக்கம் பார்த்து நின்றாள்.