மெல்லக் குறைக்க வேண்டிய மாத்திரை

டாக்டர் கையெழுத்து என்றாலே கோழிக் கிறுக்கல் என்பார்கள். என்னுடையது அப்படியில்லை. மருந்துக் கடைக்காரர்களே பாராட்டியிருக்கிறார்கள்.

இறந்தவர் என் அக்காவின் கணவர். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். சாரத்திலிருந்து விழுந்து அவர் முதுகெலும்பு நொறுங்கியபோது, அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரையை முதலில் எழுதிக்கொடுத்தது நான்தான். வலி அடங்கவில்லை என்பார், கூட்டுவேன். மறுபடியும் வருவார், மறுபடியும் கூட்டுவேன். கேள்வி கேட்க மனம் வரவில்லை; என்னைப் படிக்க வைத்தவர் அவர். "நம்ம வீட்லயே டாக்டர் இருக்கான், எனக்கென்ன கவலை" என்று மாத்திரை அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துக் காட்டிச் சிரிப்பார். எனக்கும் பெருமையாகவே இருந்தது.

பிறகு, இந்த மாத்திரைகளைப் பாதுகாப்பாக எழுதுவது எப்படி என்று மருத்துவர்களுக்காக ஒரு கையேடு வந்தது. நன்றாகப் பேசுவேன் என்பதால் வகுப்பெடுக்க என்னைப் போட்டார்கள். நான் ரசித்து நடத்திய பகுதி ஒன்று உண்டு. நெடுநாள் சாப்பிட்டவருக்குத் திடீரென்று நிறுத்தாதீர்கள், மெல்ல மெல்லக் குறையுங்கள், கூடவே இருங்கள். நிறுத்திவிட்டால் உடம்பு பழக்கத்தை மறந்துவிடும். பிறகு பழைய அளவைப் போட்டாலே மூச்சு நின்றுவிடலாம். இதைச் சொன்னதும் எல்லோரும் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஓர் இளம் பெண் மருத்துவர் கேட்டார். "சார், உங்க கிளினிக்ல இவ்வளவு பெரிய டோஸ்ல யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தர்கூட இல்லம்மா."

வாயில் வந்துவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே என்று அத்தானுக்கு மருந்துச் சீட்டு எழுதுவதை நிறுத்தினேன். குறைப்பதென்றால் மாதக்கணக்காகும். அத்தனை மாதமும் நான் பொய்யனாக இருக்க வேண்டியிருக்கும்.

வெளியூர் போயிருப்பதாக நர்ஸிடம் சொல்லச் சொல்லிவிட்டு, கிளினிக்கை மூடி, உள்ளே அடுத்த வகுப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். அக்காவின் அழைப்புகளை எடுக்கவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அத்தான் நேரிலேயே வந்தார். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன்: வியர்த்துக் கொட்டியது, கைகால் உதறியது. "தம்பி வந்துடுவான், வந்ததும் ஏதாவது கொடுப்பான். கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று அக்கா சொன்னாள். சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்தினேன். அந்தப் புழுக்கத்தில் எனக்கும் வியர்த்தது. வெட்கமாகத்தான் இருந்தது, எழுந்துபோய்க் கதவைத் திறக்கும் அளவுக்கு இல்லை.

இனி வேறு மருத்துவர்களிடம் போவார் என்று தெரியும். எல்லோரும் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். ஒவ்வொருவரையும் கைப்பேசியில் அழைத்தேன். "எங்க அத்தான்தான். பாவம், அடிமையாயிட்டார். அழுதாலும் கொடுத்துடாதீங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்ல வேண்டாம்" என்றேன். எதையும் எழுதித் தரவில்லை. என் கையெழுத்துதான் எல்லோருக்கும் புரியுமே. அவர்களும் சொன்னபடி நடந்துகொண்டார்கள்.

சில வாரம் கழித்து, கடைசியில் பேருந்து நிலையத்தில் யாரோ ஒருவனிடம் அதே மாத்திரையை வாங்கியிருக்கிறார். பழைய அளவையே போட்டுக்கொண்டு, "இன்னிக்காவது நல்லாத் தூங்குறேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு மத்தியானம் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தால் அந்த ஜன்னல் இடுக்குதான் தெரிகிறது. அதனால்தான் நீங்கள் கூப்பிடும் முன்பே நானாகக் காவல் நிலையத்துக்கு வந்தேன். மாத்திரையை நிறுத்தியது நான். கதவைச் சாத்திக்கொண்டது நான். மற்ற கதவுகளைச் சாத்தச் சொன்னதும் நான். என்ன நடக்கும் என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அக்காவிடம் பொய் சொன்னதாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அத்தானை எடுத்துக்கொண்டு போன பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நீ மட்டும் ஊர்ல இருந்திருந்தா அவரைக் காப்பாத்தியிருப்ப, இல்லடா?"

"ஆமாக்கா" என்றேன்.

அது உண்மைதான். ஊரில் இருந்திருந்தால் கட்டாயம் காப்பாற்றியிருப்பேன்.