ஒப்பீட்டுச் செயற்கூறுகளை ஒன்றாக்கிய ஜந்தீரா அம்மையாருக்கு

குரிடிபா நகரின் தூறலுக்கும் எங்கள் தொணதொணப்புக்கும் ஒருசேர ஈடுகொடுத்தவரே! அடுத்தவர் போட்ட முடிச்சுகளை அயர்ந்து அயர்ந்தேனும் அவிழ்த்து முடித்த அருமைத் தோழியே! இவ்வூர் வழக்கில் 'டோனா' என்று நாங்கள் அழைக்கும் ஜந்தீரா வோல்ஸ்கி அம்மையாரே! பணி ஓய்வு பெறும் இந்நாளில் உங்களை வணங்குகிறோம்.

இரண்டு எழுத்துச்சரங்கள் ஒன்றுதானா என்று பார்க்கும் செயற்கூறு என்னும் சிறு நிரல், நம் இயங்குதளத்தின் கருவான கெர்னலில், எல்லாரும் எடுத்தாளும் நிரல்களின் பொது நூலகத்தில் முன்பே இருந்தது. அதில் ஒரு வரி மாற்றவும் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் வலையமைப்புக்காரர், வட்டுக்காரர், கணினியைக் குளிர்விக்கும் விசிறிக்காரர் என ஆளுக்கொரு நகலை எழுதிக்கொண்டோம். ஒன்றில் திருத்திய பிழை மற்றவற்றில் அப்படியே கிடந்தது. துப்புரவாக்க நீங்கள் முன்வந்தபோது யாரும் எதிர்க்கவில்லை. நல்ல வேலைதான், எங்கள் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று ஒவ்வொருவரும் மடல் போட்டோம்.

விசிறிப் பகுதியின் நகலை நீக்கிப் பொதுவானதை வைத்த அன்று சோதனைக்கூடத்து இயந்திரங்கள் கொதித்தன. விசைப்பலகையில் தட்டும் கட்டளையின் கடைசியில் ஒட்டிவரும் வரிமுடிவுக் குறியை அந்தப் பழைய நகல் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு ஒப்பிட்டிருக்கிறது. பொதுச் செயற்கூறோ குறியையும் சேர்த்துப் பார்த்து, கட்டளையே தப்பு என்று மறுத்துவிட்டது, விசிறிகள் சுழலவில்லை. மாற்றத்தை உங்கள் பெயரிலேயே திரும்பப் பெற்றீர்கள். "இரட்டைப் பிள்ளைங்கன்னு நெனச்சேன், தூரத்துச் சொந்தமால்ல இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளையோடு முதல் நகலிலிருந்து மறுபடி வாசிக்க உட்கார்ந்தீர்கள். வரிமுடிவைப் பொருட்படுத்தாத ஒப்பீட்டுக்கும் பொது நூலகத்தில் தனியிடம் கொடுத்த பிறகே அடுத்த நகலைத் தொட்டீர்கள்.

வட்டுப் பகுதியின் எவரிஸ்டோ நெடுநாள் மசியவில்லை. "நல்லா ஓடிக்கிட்டிருக்கு டோனா, அதைப் போய் ஏன் நோண்டுறீங்க?" என்று உங்கள் மாற்றத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். நீங்களும் அலுப்போடு அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள். சென்ற மாதம் அவர் ஒப்பினார். கடைசி நகலும் போயிற்று. அன்று எந்த இயந்திரமும் நிற்கவில்லை, யாரும் அழைக்கவில்லை. நம் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் நீங்கள் மகிழவில்லை. சாப்பாட்டு மேசையில், "நான் போனதும் திரும்ப முளைச்சிரும் பாருங்க" என்றீர்கள். நாங்கள் மறுக்கவில்லை, எங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும்.

நேற்று உண்மையிலேயே ஒன்று முளைத்தது. புதிதாகச் சேர்ந்த கேமராப் பகுதியினர் தாங்களே எழுதிய ஓர் ஒப்பீட்டுச் செயற்கூறோடு மாற்றம் அனுப்பியிருந்தார்கள். விழா நேரத்தில் இதை உங்களிடம் சொல்வதா என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருக்கையில், குழு மடலில் பதில் வந்துவிட்டது: "பொது நூலகத்துலயே இருக்கு, அதை எடுத்துக்கோங்க. இல்லன்னா உள்ள விடமாட்டேன்." எழுதியவர் எவரிஸ்டோ.

ஆகவே டோனா, இனி எங்கள் மடல்களைத் திறக்காதீர்கள். நோயின்றி நெடுங்காலம் வாழுங்கள், நன்றாகத் தூங்குங்கள்.

அன்புடன்,
கெர்னல் குழுவினர்,
குரிடிபா