நேர்கோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர்

— கதவைச் சாத்திட்டேன். இனிமே 'பிரின்சிபால் மேடம்'னு இழுக்க வேண்டாம். அக்கான்னே கூப்பிடு.

— ஆய்வுக் குழு லேப்ல இருக்குக்கா. அவங்களோட வந்த துணைச் செயலாளர் நான். இங்க ரொம்ப நேரம் உட்கார்ந்தா தப்பாப் பேசுவாங்க.

— பேசட்டும். என் காலேஜை மூடறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா, இல்லையா?

— மூடலைக்கா. இணைக்கிறோம்.

— கழுத்தை நெரிச்சுட்டு, கட்டிப்பிடிச்சேன்னு சொல்ற மாதிரி இருக்கு.

— புதுக் கொள்கை அப்படி. முந்நூறு பேருக்குக் கீழ படிச்சா, இருபது கிலோமீட்டருக்குள்ள இன்னொரு அரசுக் கல்லூரி இருந்தா, அதோட இணைச்சிடணும். நொண்டி நொண்டி நடக்கிற ரெண்டு கல்லூரிக்குப் பதிலா உருப்படியா ஒண்ணை நடத்தலாம். அது தப்பா?

— தப்பில்ல. அந்த இன்னொண்ணு எங்கடா இருக்கு?

— ஆத்துக்கு அந்தப் பக்கம். பன்னிரண்டு கிலோமீட்டர்.

— எப்படிப் போனா? காக்கா முதுகுல ஏறியா?

— அக்கா...

— பாலம் இருக்கா? சுத்திப் போனா அறுபது. ரெண்டு பஸ் மாறணும். புவியியல் சொல்லிக்கொடுக்கிறவளோட தம்பிக்கு, மேப்புல நீலமா ஓடறது என்னன்னு தெரியாதா?

— கம்ப்யூட்டர்ல நேர்கோடு போட்டு அளந்தாங்க. கொள்கையில 'தூரம்'னு மட்டும்தான் இருக்கு. சாலை வழின்னு இல்ல.

— வீட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு, தலைகூடச் சரியா வாராம ஓடி வர்ற பொண்ணுங்கடா இதுங்க. பாதிப் பேர் படிப்பை விட்டுட்டு வீட்டுல உட்கார்ந்துடும். அதையும் அந்தக் கம்ப்யூட்டர் சொல்லுச்சா?

— அங்க ஹாஸ்டல் கட்டறதா இருக்கு.

— எப்போ?

— நிதி வந்ததும்.

— அடேங்கப்பா! மூடறதுக்கு இந்த மாசம். கட்டறதுக்கு நிதி வந்ததும்.

— சத்தம் போடாதக்கா. ஆத்தைப் பத்தி நானே எடுத்துச் சொன்னேன். 'அமைச்சரவை ஒப்புக்கிட்டாச்சு, இனிமே ஆறுதான் தள்ளிப் போகணும்'னு அமைச்சர் சிரிச்சாரு.

— நீயும் சிரிச்சியா?

— அந்த ரூம்ல சிரிக்காம இருக்க முடியாதுக்கா.

— அப்போ எழுந்திரு. கிளம்பு. நான் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டுப் பேசிக்கிறேன்.

— பேசலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோ. பல்கலைக்கழகத்துக்குப் புதுத் துணைவேந்தர் நீதான். நாளைக்கு அறிவிப்பு வருது.

— என்னடா விளையாடறியா?

— விளையாடற முகமா இது?

— ஓஹோ. கத்தறவ வாயில மிட்டாயைத் திணிக்கிறீங்க.

— அது மட்டும் இல்ல. புதுச் சட்டப்படி, கல்லூரிகளை இணைக்கிற உத்தரவுல அரசாங்கம் கையெழுத்துப் போடாது. துணைவேந்தர்தான் போடணும்.

— அடப்பாவிங்களா! என் காலேஜை என் கையாலயே... நாளைக்கு ஊர் திட்டினா என்னைத்தான் திட்டும். உங்க கையெல்லாம் சுத்தம்.

— அமைச்சர் போட்ட கணக்கு அதுதான்.

— எனக்கு அந்தப் பதவியே வேண்டாம்னு சொன்னா?

— பதிவாளர் பொறுப்புக்கு வருவாரு. எதைக் கொடுத்தாலும் படிக்காமலே போடற ஆள்.

— சரி. பதவியை ஏத்துக்கிட்டு, கையெழுத்துப் போட மாட்டேன்னா?

— ஒண்ணும் பண்ண முடியாது. மூணு வருஷத்துக்குத் துணைவேந்தரை யாரும் அசைக்க முடியாது. அதுவும் அதே சட்டத்துலதான் இருக்கு.

— இது தெரிஞ்சுமா என்னைப் போய்ப் பிடிச்சாங்க? உங்க அமைச்சர் என்ன விவரம் கெட்டவரா?

— விவரமானவர்தான். நீ மறுபேச்சுப் பேசாம போட்டுடுவேன்னு ஒருத்தர் அவருக்கு உறுதி கொடுத்திருக்கார். அது பொய்யாப் போச்சுன்னா அந்த ஆளோட வேலை போயிடும்.

— போகட்டும்! நல்லாப் போகட்டும்! எவன்டா அவன்?

— நான்தான்.

— நீயா? கூடப் பொறந்தவளை நீ தெரிஞ்சு வெச்சிருக்கிற லட்சணம் இதானாடா?

— உன்னை நல்லாத் தெரிஞ்சதாலதான்க்கா கொடுத்தேன்.