அண்ணன்கிட்ட ஒரு நல்ல குணம்

போன வியாழக்கெழமதானே வெட்டிக்கிட்டீங்கன்னு பாக்கறீங்களா? வெட்டுங்க தம்பி. முடி இல்லன்னா கத்தரியச் சும்மா காத்துல ஆட்டுங்க, சத்தம் வந்தாப் போதும். நாற்காலிய மட்டும் லேசா இடது பக்கம் திருப்புங்க. இன்னும் கொஞ்சம். ஆங், இப்பத் தெரியுது.

என்ன தெரியுதா? கண்ணாடியில பாருங்க. எதிர்த்தாப்புல பூட்டு ரிப்பேர் கடை. உள்ள உக்காந்து யாரையோ வாங்கு வாங்குன்னு வாங்கறாரே, அவரு எங்க அண்ணன். கூடப் பொறந்தவரு. பேச்சுவார்த்தை கெடையாது, இருபத்திரண்டு வருஷமாச்சு.

அய்யய்யோ, திரும்பிப் பாக்காதீங்க!

விஷயம் என்னன்னா, நான் தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். பொழுது போகாம என் வாழ்க்கைக் கதைய எழுத ஆரம்பிச்சேன். லைப்ரரியில சனிக்கெழம சனிக்கெழம எழுத்து வகுப்பு எடுக்கற டீச்சரம்மா நாப்பது பக்கத்தையும் படிச்சாங்க. சார், உங்க அண்ணன் வர்ற எடமெல்லாம் நம்பவே முடியலன்னுட்டாங்க. காலையில எந்திரிச்சதுல இருந்து ஒரு மனுஷன் கெட்டது மட்டுமே பண்ணிக்கிட்டு இருப்பானா, நடுவுல பல்லு கூடவா வெளக்க மாட்டான்னு கேக்கறாங்க. அவருக்கு என்ன ஆசை? எதுக்குப் பயம்? யோசிக்கும்போது கைய எங்க வெச்சுக்குவாரு? பதினெட்டு வருஷம் ஒரே பாயில படுத்தவன், ஒண்ணுக்கும் பதில் தெரியல. ஒரே ஒரு நல்ல குணமாவது கண்டுபுடிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

நேராப் போய் அண்ணே, உங்க நல்ல குணம் என்னன்னு கேக்க முடியுமா? அதான் உங்க கடைக்கு வந்து உக்காந்தேன். மொத நாள் முடி போச்சு, நல்ல குணம் அகப்படல. ரெண்டாவது தடவ மீசையையும் எடுத்துட்டீங்க. வீட்டுக்காரி கதவத் தொறந்து, யார் சார் வேணும்னு கேட்டா.

மூணாவது தடவதான், போன வியாழக்கெழம, ஒரு பொண்ணு மூச்சு வாங்க ஓடி வந்துச்சு. மாமியார் பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாங்களாம். நம்ம ஆளு போட்டது போட்டபடி, ஒரு ஸ்க்ரூடிரைவரோட, வெறுங்கால்ல ஓடறாரு! தொறந்து விட்டுட்டு ஸ்க்ரூடிரைவர அங்கயே மறந்துட்டு வந்தா, காத்துல இவரு கடைக் கதவே சாத்திப் பூட்டிக்கிச்சு. சாவி உள்ள. சாமானெல்லாம் உள்ள. ஊருக்கெல்லாம் பூட்டுத் தொறக்கற மனுஷன், சொந்தக் கடை வாசப்படியில வெயில்ல உக்காந்திருக்காரு! நான் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சதுல நீங்க காதுல ஒரு வெட்டு வெச்சீங்களே, அன்னிக்குத்தான்.

அவரு சுத்தும் முத்தும் பாத்தாரு. யாரும் பாக்கலன்னு தெரிஞ்சதும் வாயப் பொத்திக்கிட்டுத் தனியாச் சிரிச்சாரு. அப்புறம் யோசிச்சாரு. கை பின்னங்கழுத்துக்குப் போச்சு. நானும் அப்படித்தான் தம்பி யோசிப்பேன்.

எழுதிக் குடுத்தேன். டீச்சரம்மா படிச்சுட்டு, அண்ணன் உசுரோட வந்துட்டாரு சார்னாங்க. எனக்குத் தல கால் புரியல. ஆனா இப்ப கதையில வர்ற தம்பிய, அதான் என்னை, நம்ப முடியலன்னுட்டாங்க. அறுபது வயசு வரைக்கும் ஒரு தப்பு கூடப் பண்ணாத தம்பியா, சார்? யாரு இவரு, சுவத்துல மாட்டி வெச்ச படமான்னு கேக்கறாங்க.

பண்ணாம என்ன? எங்கப்பா ஒரு ரேடியோ வெச்சிருந்தாரு. பாட்டு எங்க இருந்து வருதுன்னு பாக்கப் பிரிச்சேன், பதினோரு வயசுல. திருப்பி மாட்டினா நாலு திருகாணி மிச்சம், சத்தம் இல்ல. அண்ணன் வேலதான்னு அப்பாவே முடிவு பண்ணிட்டாரு. கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதவனுக்குப் படிப்பெதுக்குன்னு, வகுப்புல மொத ஆளா வந்துக்கிட்டிருந்தவர நிறுத்திப் பூட்டுக் கடையில விட்டாரு. கதையிலயும் அண்ணன் ஒடச்சதாத்தான் எழுதியிருக்கேன்.

அண்ணனுக்குத் தெரியாதான்னா கேக்கறீங்க? நான் பிரிக்கும்போது பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருந்தாரு. அன்னிக்கும் அப்பாகிட்ட வாயத் தொறக்கல, இன்னிக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்த கேக்கல. அப்படிப்பட்ட ஆளுகிட்ட எப்படித் தம்பி பேசறது?