கையை விட்டு ஓட்டியவன்

ஆத்மநாதன்: “...ஆகவே, அருமை மாணவத் தோழர்களே! என் ஆருயிர் நண்பன் மைக்கேல்சாமி அன்று...”

வியாகுலமேரி: நிறுத்துங்கண்ணே. ஆருயிரு மேலயே ஒருக்க வந்துருச்சு.

ஆத்மநாதன்: வந்தா என்னா? தமிழய்யா திருத்திக் குடுத்தது.

வியாகுலமேரி: எங்கண்ணன் ஒரு ஆளு. அதுக்கு எத்தனை ஆருயிரு?

ஆத்மநாதன்: சரி தாயே... அடிச்சுட்டேன். மேல வாசிக்கவா, வேண்டாமா?

வியாகுலமேரி: வாசிங்க. நாளைக்குப் பள்ளிக்கூடமே கேக்கப் போறதை நான் இன்னைக்கே கேட்டுக்கிறேன்.

ஆத்மநாதன்: கோவமா மேரி?

வியாகுலமேரி: கோவம் என்ன... முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு ரெண்டு நாளுதான் ஆச்சு. அதுக்குள்ள எங்கண்ணன் பேருல மேடை போட்டாச்சேன்னுதான். ம், வாசிங்க.

ஆத்மநாதன்: “சினிமா மோகத்தில் விரைந்தான். கண்மாய்க் கலுங்கு இறக்கத்தில் ஒரு கையை விட்டான். மறு கையையும் விட்டான். சைக்கிள் கல்லில் மோதியது. வீண் வீராப்பினால் ஒரு வீட்டின் விளக்கு அணைந்தது.”

வியாகுலமேரி: யாரு பாத்தா?

ஆத்மநாதன்: எதை?

வியாகுலமேரி: கையை விட்டதை.

ஆத்மநாதன்: ஊரே சொல்லுதுல்ல...

வியாகுலமேரி: ஊரு அங்கிட்டு நின்னுக்கிட்டா இருந்துச்சு? ஆடு மேச்ச அய்யாக்கண்ணு ஒருத்தருதான் நின்னாரு. அவரும் சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன்னாரு.

ஆத்மநாதன்: எட்மாஸ்டரு அப்படித்தான் எழுதச் சொன்னாரு மேரி. அப்பத்தான் பயலுக மனசுல தைக்குமாம். தார் ரோடு வந்ததுலேருந்து எவன் மெதுவாப் போறான்? லாரி வாலைப் பிடிச்சுக்கிட்டு தொங்குறான், ஒரு சைக்கிள்ல மூணு பேரு ஏறுறான். பெரியவங்க சொன்னாக் காதுல ஏறாது. நம்ம வயசுக்காரன் சொன்னாத்தான் கேப்பான். ஒவ்வொருத்தனும் பத்துப் பேருக்கு எடுத்துச் சொல்லணும்னு குழு அமைச்சு, என்னையத் தலைவரா...

வியாகுலமேரி: தலைவருக்குப் பச்சை ரிப்பன் குத்துவாங்களாமே.

ஆத்மநாதன்: அதைச் சொல்லத்தான் வந்தேன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரு முன்னாடி... நீதான் எனக்குக் குத்தி விடணுமாம்.

வியாகுலமேரி: நானா?

ஆத்மநாதன்: எட்மாஸ்டரு ஆசைப்படுறாரு. கூடப் பொறந்தவ குத்துனா எல்லாரும் உருகிருவாங்களாம்.

ஜெபமாலையம்மாள்: யாருடி அது, நம்ம ஆத்மநாதனா? உள்ள வாய்யா. ரெண்டு வாய் கஞ்சி குடிச்சுட்டுப் போ.

ஆத்மநாதன்: இருக்கட்டும் ஆத்தா. சாப்புட்டுத்தான் வந்தேன்.

ஜெபமாலையம்மாள்: ஏய்யா... கேக்குறேன்னு நெனைச்சுக்காத. நீ அவங்கூடவே திரிஞ்ச பிள்ளை. எம் மவன் கையை விட்டுட்டா ஓட்டுவான்? கோயில் வாசல்ல பொம்பளைக என் காதுபடவே பேசுறாளுக, கொழுப்பெடுத்துப் போயிச் செத்தான்னு. என்னால நிமிந்து நடக்க முடியலை. ஒனக்குத் தெரியாததா, நீ சொல்லு.

ஆத்மநாதன்: சில நேரம்... வெளையாட்டுக்கு... விடுவான் ஆத்தா.

ஜெபமாலையம்மாள்: விடுவானா? ...சரிய்யா. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நாளைக்கு நல்லாப் பேசு. இன்னொரு பெத்தவ வயிறு எரியாம இருக்கட்டும். பேசிக்கிட்டு இருங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்.

வியாகுலமேரி: ...வெளையாட்டுக்கு விடுவானாக்கும்.

ஆத்மநாதன்: மேரி...

வியாகுலமேரி: நாலு வருசமா நான் அந்தக் கேரியர்லதான் பள்ளிக்கூடம் போனேன். மூக்குல வேர்த்தாக்கூட அண்ணன் எறங்கி நின்னுதான் தொடைக்கும். அதைப் பாத்து நீங்களே எத்தனை நாளு சிரிச்சீங்க?

ஆத்மநாதன்: மனுசன் எல்லா நாளும் ஒரே மாதிரியா இருப்பான்?

வியாகுலமேரி: மீதியை வாசிங்க.

ஆத்மநாதன்: மீதி வெறும் விதிதான். இடது பக்கம் போ, மணி அடி... ஒனக்குத் தெரிஞ்சதுதான்.

வியாகுலமேரி: குடுங்க இங்கிட்டு. “சைக்கிளை எடுக்கும் முன் டயரில் காற்றைப் பார். விளக்கைப் பார்.” இதென்ன, இங்க ஒண்ணு அடிச்சிருக்கு?

ஆத்மநாதன்: பேச்சு ரொம்ப நீண்டு போச்சுன்னு...

வியாகுலமேரி: “பிரேக்கைப் பார்.” ரெண்டே வார்த்தை. ரெண்டு வார்த்தையிலயா நீண்டு போச்சு? தமிழய்யா செவப்பு மையிலல்ல திருத்துவாரு. இது நீல மையி. ஒங்க பேனா.

ஆத்மநாதன்: தாளைக் குடு மேரி, நேரமாச்சு.

வியாகுலமேரி: மொதல்ல பதிலைச் சொல்லுங்க. நாளைக்கு முந்நூறு பேருக்கு முன்னாடி பேசப் போறவுக.

ஆத்மநாதன்: ...அந்த வார்த்தை மட்டும் வாயில வர மாட்டேங்குது மேரி.

வியாகுலமேரி: ஏன்?

ஆத்மநாதன்: அவன் விழுறதுக்கு மொத நாளு, சனிக்கெழமை... ஞாயித்துக்கெழமை விடியலேயே அப்பா குன்றாண்டார்கோவில் கெளம்பணும்னாரு. எங்க சைக்கிள்ல பிரேக் கட்டை பூராவும் தேஞ்சு கெடந்துச்சு. சரி பண்ணி வைக்கலேன்னா தோலை உரிச்சுருவாரு. மைக்கேலுகிட்ட கேக்கலாம்னுதான் வந்தேன். நீங்க எல்லாரும் கோயில்ல ஜெபமாலையில இருந்தீங்க. வண்டி மட்டும் வாசல்ல நின்னுச்சு.

வியாகுலமேரி: கட்டையைக் கழட்டிக்கிட்டீங்க.

ஆத்மநாதன்: திங்கக்கெழமை பள்ளிக்கூடம் கெளம்புறதுக்குள்ள மாட்டிரலாம்னுதான்! சத்தியமா! ஞாயித்துக்கெழமை அவன் வண்டியத் தொட மாட்டான்னு நெனைச்சேன். அன்னைக்குன்னு பாத்துப் படத்துக்குக் கெளம்புவான்னு நான் கண்டேனா?

வியாகுலமேரி: கையை விட்டான்னு மொதல்ல சொன்னது யாரு?

ஆத்மநாதன்: ...நாந்தான். சத்தம் கேட்டு மொத ஆளா ஓடுனேன். வண்டி நசுங்கிக் கெடந்துச்சு. எவனாவது பிரேக்கைப் பாத்துருவானோன்னு... கையை விட்டுட்டான், கையை விட்டுட்டான்னு கத்துனேன். எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க.

வியாகுலமேரி: செத்தவன் வந்து மறுத்துச் சொல்லவா போறான்? இப்பத்தான் எங்காத்தா மூஞ்சியப் பாத்தும் அதையே சொன்னீங்க. எப்படி மனசு வந்துச்சு?

ஆத்மநாதன்: வரலை மேரி. ராத்திரி கண்ணை மூட முடியலை. நான் அந்த ரிப்பனைக் குத்திக்கிட மாட்டேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிர்றேன்.

வியாகுலமேரி: மேடையில அப்புறம் சொல்லலாம். பெத்தவகிட்ட மொதல்ல சொல்லுங்க.

ஆத்மநாதன்: சொல்றேன். இப்பவே சொல்றேன். கால்ல விழுந்து சொல்றேன். ஆத்தா! ஆத்தா, கொஞ்சம் இங்கிட்டு வாங்க!

ஜெபமாலையம்மாள்: இந்தா, வந்துட்டேன்ய்யா! கையைக் கழுவிட்டு வாரேன்!

ஆத்மநாதன்: ஒண்ணு மட்டும் நீ சொல்லு மேரி. கட்டை இல்லேன்னு தெரியாமத்தானே ஏறுனான்? எங்க வீட்டைத் தாண்டித்தான் டூரிங் டாக்கீசு. அவன் படத்துக்குத்தானே வந்தான்... இல்ல?

வியாகுலமேரி: ...அண்ணே, ஆத்தாகிட்ட சொல்லாதீங்க.

ஆத்மநாதன்: என்ன புள்ள நீ? இப்பத்தானே சொல்லுன்ன?

வியாகுலமேரி: சொன்னா, கட்டை இல்லாத வண்டியில ஏன் ஏறுனான், எங்கிட்டுப் போனான்னு ஆத்தா என்னையக் கேக்கும். மத்தியானம் வண்டியைத் தொடைக்கையிலயே எங்கண்ணன் பாத்துருச்சுண்ணே, கட்டை இல்லேன்னு. ஆத்மநாதன்தான் எடுத்துருப்பான், அவசரமா இருக்கும், நாளைக்குக் குடுத்துருவான், விடுன்னுச்சு. நாந்தான் விடலை. இப்பவே போயி வாங்கிட்டு வான்னேன். அப்ப வண்டியை உருட்டிக்கிட்டே நடந்து போறேன்னுச்சு... ஏறிப் போடா பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சதும் நாந்தான். ஒங்க வீட்டுக்குத்தாண்ணே வந்துச்சு, கட்டையை வாங்க... ஆத்தா வருது. கையை விட்டான்னே வாசிங்க.